எட்டாவது ஆணி

எங்கள் கம்பெனியில் குழாய் உடைந்தால் அதை உடைத்தவர் என்று யாரும் இருக்கமாட்டார். சூடு உடைத்திருக்கும், கரண்டு போய் வந்ததில் உடைந்திருக்கும், இல்லையென்றால் சப்ளை செய்தவனே விரிசலோடு அனுப்பியிருப்பான். வருஷக்கணக்காக இப்படியே கேட்டுப் பழகிய என் காதில், ஒருநாள் காலை டீ நேரத்தில், உலைச் சத்தத்துக்கு மேலே ஒரு பெண் குரல் விழுந்தது.

"அதை நாந்தானுங்க உடைச்சேன். கடைசி மூணு இன்ச்ச வெரசலா உட்டுப்போட்டேன்."

எனக்குப் புரையேறி டீ மூக்கில் வந்துவிட்டது. யாரும் அவளைக் கேட்கவே இல்லை. பஸ் லேட் என்று சொல்வதுபோல அவளாகவே வந்து சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் டீயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கே நின்ற ஏழெட்டுப் பேரும் ஏதோ அசிங்கத்தைப் பார்த்துவிட்டவர்கள்போல ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

குழாய் என்றால் கார்பன் சென்சார். பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் ரோட்டோரம் எங்கள் கம்பெனி. டிராக்டர் பல்சக்கரங்களை உலைக்குள் வைத்து, கார்பன் கலந்த கேஸில் வேகவைத்து, மேல்தோலை இறுக்குகிற வேலை. கார்பன் குறைந்தால் பல் தேயும், கூடினால் பல் தெறிக்கும். உள்ளே எவ்வளவு கார்பன் என்று மீட்டருக்குச் சொல்கிறவன் இந்தச் சென்சார். வெளியே இரும்பு உறை, உள்ளே சுண்ணாம்பு வெள்ளையில் கைநீளத்துக்கு ஒரு பீங்கான் குழாய். மாதக்கணக்கில் நெருப்புக்குள்ளேயே நிற்கும், ஒன்றும் ஆகாது. ஆனால் உள்ளே அனுப்பும்போது மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி. இன்ச்சு இன்ச்சாகத்தான் போகும். ஒரு இன்ச்சுக்கு ஐந்து நிமிஷம், மொத்தம் இருபது இன்ச்சு. அவசரப்படுத்தினால் விரிசல்.

அவள் சித்தூர்ப் பக்கம். தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். டிப்ளமா படித்தவள், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். சென்சார் மாட்டுவது, காற்று ஊதி அதன் கரியை எரிப்பது, வாரம் ஒருமுறை மெல்லிய இரும்புத் தகட்டை உலைக்குள் விட்டெடுத்து எடைபோட்டு மீட்டர் சொல்வது நிஜமா என்று பார்ப்பது, எல்லாம் அவள் பொறுப்பு. பொறுப்பு மட்டும்தான் நிரந்தரம், அவள் கான்ட்ராக்ட். நான் அதே பிரிவில் எலக்ட்ரீஷியன், நிரந்தரம். நிரந்தரமானவனுக்கு மெமோதான் வரும், வேலை போகாது. என் ஃபைலில் நான்கு மெமோ இருந்தது. அதில் ஒன்று, கேன்டீன் பூனைக்கு விசிட்டர் பாஸ் எழுதிக் கழுத்தில் கட்டியதற்காக.

நான் ஆனைக்கரைக்காரன், மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துப் பிள்ளை. முதல் நாளே அவளை "தாயி" என்று கூப்பிட்டுத் தொலைத்தேன்.

"ஏனுங்ணா, எனக்கு என்ன அம்புட்டு வயசாயிருச்சா?"

"எங்க ஊர்ல தொட்டில் பிள்ளையையும் தாயின்னுதான் சொல்லுவோம் தாயி."

"எங்கூர்ல அம்மணிம்போம். நீங்க அம்மணின்னே கூப்புடுங்க, ஏலக்காண்ணா."

அன்றிலிருந்து நான் ஏலக்காண்ணன். சாதாரண நேரத்தில் அம்மணி என்று கூப்பிடுவேன். பயம் வந்தால் மட்டும் வாயில் தாயி வந்துவிடும். அவளுக்கு அது தெரியும்.

சென்சார் மாட்டும் நாளில் கவிழ்த்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்துவிடுவாள். செல்போனை கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும், உலைப்பக்கம் கடிகாரமும் கிடையாது. மணிக்கட்டின் உள்பக்கம் கட்டிய வாட்ச்தான் அவளுக்கு எல்லாம். மடியில் வறுத்த கல்லக்காய், எங்கள் ஊரில் நிலக்கடலை. ஒரு இன்ச்சு தள்ளுவாள், பத்துக் காய் உரித்துத் தின்பாள், வாட்சைப் பார்ப்பாள், அடுத்த இன்ச்சு. "அம்மணி, இது உத்தியோகமா, திருவிழாவா?" என்று கேட்டால், "சித்தெ தள்ளி நில்லுங்ணா, நிழல் வாட்ச்சுல உழுகுது" என்பாள். ஆனால் என் மொக்கைக்கெல்லாம் சிரிப்பாள். அந்தக் கம்பெனியில் அவள் ஒருத்திதான் சிரிப்பாள்.

இனி அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அவள் மேஜைக்குப் பின்னால் ஒரு சுவர். தான் உடைத்த ஒவ்வொரு குழாயையும் ஒரு ஆணி அடித்து அதில் தொங்கவிட்டு, கூடவே ஒரு அட்டை கட்டுவாள். உலை நம்பர், எத்தனையாவது இன்ச்சு, என்ன நடந்தது, கடைசி வரியில் பெயர். "ரெண்டாம் நம்பர். பதினேழாவது இன்ச்சு. பேச்சு சுவாரசியத்தில் இரண்டு இன்ச்சு சேர்த்துத் தள்ளிவிட்டேன்." அந்தப் பேச்சு என்னுடையது. அதை அவள் எழுதவில்லை.

நான் எண்ணிப் பார்த்தபோது ஏழு ஆணி இருந்தது. நான்கு வருஷத்தில் ஏழு. எல்லா அட்டையிலும் ஒரே பெயர்.

மற்றவர்கள் உடைத்தது மேஜைக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டியில் கிடந்தது. ஃபோர்க்லிஃப்ட்காரர் இடித்தது, அடுத்த ஷிப்ட்காரர் ஈரக்கையால் தொட்டது, இன்னும் என்னென்னவோ. அதிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை உண்டு. வெறும் அட்டை.

"இதையும் செவுத்துல மாட்டு அம்மணி. யாரு உடைச்சான்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியுமுங்ணா."

"பெறகு?"

"அவங்க வந்து எழுதட்டும். நான் எழுதுனா அது புகாராயிரும்."

யாரும் வரவில்லை. பெட்டி நிறைந்தது. சுவரைப் பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? இந்தக் கம்பெனியில் குழாய் உடைக்கிற ஒரே ஆள் இவள்தான் என்று தெரியும். அதை அவளிடம் யாராவது சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றியது. நான் ஜோக்கடித்துவிட்டுப் போய்விட்டேன்.

எல்லா விஷயத்திலும் அப்படித்தான் இருந்தாள். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதே, "இன்னிக்கு ரசத்துல ரெண்டு தடவை உப்புப் போட்டுட்டேன்" என்று நாங்கள் தொடுவதற்கு முன்பே அறிவிப்பாள். ஒருமுறை மேனேஜர் ஒரு ரிப்போர்ட்டைப் புகழ்ந்தபோது, "மூணாவது பக்கத்துல ஒரு நம்பர் தப்புங்க, இப்பத்தான் பாத்தேன்" என்றாள். மேனேஜரின் புன்னகை அப்படியே நின்று, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தவித்தது. எங்கள் மாதா கோவிலில் பாவத்தைச் சொல்ல ஒரு கூண்டு உண்டு, நடுவில் தட்டி உண்டு, சாமியார் முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை. இவள் பட்டப்பகலில் நின்ற இடத்திலேயே சொல்கிறாள், பிறகு கல்லக்காய் தின்கிறாள். பக்கத்தில் ஒருத்தி உண்மையே சொல்லிக்கொண்டிருந்தால் நமக்குச் சும்மாவே வியர்க்கும். சிலர் அவளோடு சாப்பிட உட்காருவதை நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை, ரசம் நன்றாக இருக்கும்.

அந்த நாளுக்கு வருகிறேன். வராமல் ரசத்திலேயே இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

அவளை நிரந்தரமாக்குவதற்குப் பேச்சு முடிந்து, மெடிக்கல் டெஸ்ட் மட்டும் பாக்கி. பாலக்காடு டவுனில் டாக்டர். திடீரென்று அன்று மதியம் மூன்று மணிக்கு வரச்சொல்லி ஆபீசிலிருந்து ஆள் வந்தது. அவளோ மூன்றாம் நம்பர் உலையில் புதுச் சென்சாரை விட்டுக்கொண்டிருக்கிறாள். ஆறு இன்ச்சு போயிருந்தது.

"அண்ணா, மீதி பதினாலு இன்ச்சுங்க. இன்ச்சுக்கு அஞ்சு நிமிசம். இந்தாங்க, என்ற வாட்ச்ச வச்சுக்கங்க." வாட்சோடு மிச்சக் கல்லக்காயையும் என் கையில் கொட்டினாள். "ஷீட்ல கைமாத்துன எடத்துல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

"நீ போய் டாக்டர்கிட்ட நாக்க நீட்டு அம்மணி. இத நான் பாத்துக்கிர்றேன்."

கையெழுத்தை அப்புறம் போடலாம் என்று விட்டேன். கல்லக்காயை உடனே தின்றேன்.

இரண்டு இன்ச்சு ஒழுங்காகப் போனது. மூன்றாவது இன்ச்சில் மேனேஜர் வந்து பின்னால் நின்றார். மூன்று மணிக்கே உலையில் லோடு ஏற்றவேண்டும்.

"எந்தா சேட்டா, இது பிரசவமோ?"

அவ்வளவுதான் சொன்னார். திட்டக்கூட இல்லை. தன் வாட்சைப் பார்த்தார், உலையைப் பார்த்தார், மறுபடியும் வாட்சைப் பார்த்தார். எனக்குப் பயம் வந்தால் மூளை லீவு போட்டுவிட்டு ஆனைக்கரைக்குப் போய்விடும், கை மட்டும் டியூட்டியில் இருக்கும், அதுவும் ஓவர்டைமில். அவர் நகர்ந்ததும் மிச்ச இன்ச்சுகளை, வரமாட்டேன் என்கிற ஆட்டைப் பட்டிக்குள் தள்ளுவதுபோலத் தள்ளினேன். கடைசி இன்ச்சில் 'டிக்' என்று ஒரு சத்தம். குளிர்ந்த கண்ணாடி டம்ளரில் கொதிக்கிற டீயை ஊற்றினால் கேட்குமே, அதே சத்தம். சத்தத்தை மறைக்க நான் பலமாக இருமினேன். எப்போது? சத்தம் வந்து முடிந்தபிறகு.

மீட்டர் கொஞ்ச நேரம் சரியாக நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. விரிசல் வழியாகக் கேஸ் கசிந்தால், கார்பன் இருக்கும்போதே இல்லை என்று மீட்டர் பொய் சொல்லும். அதை நம்பிக் கருவி இன்னும் கேஸை ஊற்றும். இது எனக்குத் தெரியும், அவள்தான் ஒருமுறை சொல்லியிருந்தாள். மீட்டருக்குள் திருத்த எண் என்று ஒன்று உண்டு. தகட்டை எடைபோட்டுப் பார்த்து, நிஜமும் மீட்டரும் ஒத்துப்போகாவிட்டால் மட்டும் அதைத் தொடவேண்டும். நான் தகடும் போடவில்லை, தராசையும் பார்க்கவில்லை. மீட்டர் யோக்கியமான எண்ணைக் காட்டும்வரை அந்தத் திருத்த எண்ணைத் திருகினேன். காட்டியது. மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டேன். நாளைக்கு அம்மணியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை உலைக்கதவு திறந்தபோது பல்சக்கரங்கள் அடுப்புக்கு மேல் வருஷக்கணக்காகக் கிடந்த சட்டிகள்போலக் கன்னங்கரேலென்று வந்தன. சுத்தியலால் லேசாகத் தட்டினால் பல் தெறித்தது. ராத்திரி விரிசல் வளர்ந்து மீட்டர் மறுபடி இறங்க, கருவி விடியவிடியக் கேஸை ஊற்றியிருக்கிறது. முழு லோடும் குப்பை.

அவள் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்திருந்தாள். டாக்டர் பாஸ் போட்டுவிட்டாராம். எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே உலைப்பக்கம் வந்தவள், பொட்டலத்தை என்னிடம் நீட்டியபடியே மீட்டரைப் பார்த்தாள். திருத்த எண்ணைப் பார்த்தாள். பிறகு சென்சாரை இன்ச்சு இன்ச்சாக வெளியே எடுத்தாள். வெளியே எடுப்பதற்கும் அதே ஐந்து நிமிஷம். நுனியில் மயிரிழை விரிசல்.

"அண்ணா, எத்தன நிமிசத்துல உட்டீங்க?"

"நீ சொன்ன கணக்குதான் தாயி. இன்ச்சுக்கு அஞ்சு."

தாயி வந்துவிட்டதை இரண்டு பேருமே கவனித்தோம். அவள் போய் ரெக்கார்டரிலிருந்து முந்தைய நாள் சார்ட் பேப்பரைக் கத்தரித்து எடுத்துவந்தாள். சென்சாருக்குள்ளேயே சூடு பார்க்கிற கம்பி ஒன்று உண்டு, அது ஏறிய விதத்தைப் பேனா கோடாக வரைந்துகொண்டே இருக்கும். நான் மறந்தது அந்தப் பேனாவை. அவள் தள்ளிய ஆறு இன்ச்சுக்கு ஆறு படி. அப்புறம் என் படி இரண்டு. அதற்கு மேல் கோடு பனைமரம் மாதிரி நேராக நின்றது.

அவள் பேப்பரை நாலாக மடித்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது உங்களுதுங்ணா. நீங்களே குடுத்துருங்க."

மதியம் விசாரணை. மேனேஜர், தலைமை ஆபீசிலிருந்து வந்த அதிகாரி, நாங்கள் இரண்டு பேர். ஏசி அறை. என் சட்டைப் பையில் சார்ட், பேன்ட் பையில் அவள் வாட்ச். ஷீட்டில் மேலே அவள் கையெழுத்து, நடுவில் என் கையெழுத்து இருக்கவேண்டிய இடம் காலி.

அதிகாரி கேட்டார். "உங்க பக்கத்துல ஏதாவது தப்பு உண்டா?"

வேறு யாராக இருந்தாலும் இல்லை என்றிருப்பார்கள்.

"உண்டுங்க. குழாய் உள்ள போயிட்டிருக்கறப்ப எந்திரிச்சுப் போகக்கூடாது. ஆறாவது இன்ச்சுல கைமாத்திட்டுப் போனேன். அது என் தப்புதானுங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். மேனேஜர் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

"மிச்சப் பதினாலு இன்ச்சு?"

"அதை அண்ணன் சொல்லுவாருங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள், நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிய பார்வை. இங்கே ஒன்றைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறேன். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு ஐந்தாவது மெமோ வந்திருக்கும். அவ்வளவே. பூனைக்கு வாங்கிய மெமோவின்மேல் இன்னொரு காகிதம். அதற்குத்தான் சார்ட் இருந்த சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டேன்.

"இன்ச்சுக்கு அஞ்சு நிமிஷம் சார், வாட்ச்சப் பாத்துதான் தள்ளுனேன்" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். அறையின் மௌனம் எனக்குத் தாங்கவில்லை. மௌனத்தைக் கண்டால் ஜோக் போட்டு நிரப்புகிற வியாதி எனக்கு. "ஆனா ஒண்ணு சார். அம்மணி கைபட்டா குழாய்க்கே ஆயுசு கம்மி. அவுங்க செவுத்தப் பாத்தீங்களா? கருவாடு காயப்போட்ட மாதிரி ஏழு தொங்குது."

சிரித்தார்கள். அதிகாரி சிரித்தார். மேனேஜர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். சார்ட்டைக் கொண்டுவா என்று அவர் கடைசிவரை கேட்கவே இல்லை, கேட்டால் பிரசவமா என்று அவசரப்படுத்தியது யார் என்றும் கேட்கவேண்டி வரும்.

அவளும் சிரித்தாள். பழக்கதோஷம். என் ஜோக்குக்குச் சிரித்துப் பழகிய முகம் தன்னால் சிரித்துவிட்டது. பாதியிலேயே நின்றுவிட்டது.

அதிகாரி போய்ச் சுவரை போட்டோ எடுத்தார். ஏழு அட்டை, ஏழிலும் அவள் கையெழுத்து, ஏழிலும் "நான்". இதைவிட நல்ல சாட்சி எந்தக் கோர்ட்டுக்குக் கிடைக்கும்? மாதக் கடைசியில் கான்ட்ராக்ட் முடிந்தது. நிரந்தர ஆர்டர் வரவில்லை, புதுக் கான்ட்ராக்டும் வரவில்லை.

கடைசி நாள் அவள் அழவில்லை, யாரையும் சபிக்கவில்லை. எண்ணெய் டின்மேல் ஏறி எட்டாவதாக ஒரு ஆணி அடித்தாள். அதில் குழாய் இல்லை, அட்டை மட்டும். "மூணாம் நம்பர். ஆறாவது இன்ச்சு. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனேன்." கடைசி வரியில் அவள் பெயர். உடைந்த குழாய் மேஜைக்குக் கீழே, பெட்டிக்குள் போனது, ஒரு வெறும் அட்டையோடு.

பிறகு என்னிடம் வந்தாள். "என்ற வாட்ச்சக் குடுங்ணா."

அன்றுவரை திருப்பித்தர முகமில்லாமல் பையிலேயே வைத்திருந்ததைக் கொடுத்தேன். உள்பக்கமாகக் கட்டிக்கொண்டு, முள்ளைச் சிறிதுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாட்ச்சு சரியாத்தானுங்ணா ஓடுது" என்றாள்.



அடுத்த ஆடிட்டுக்கு முன்பு சுவருக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து, 'உடைசல்: பூஜ்யம்' என்று பலகை மாட்டினார்கள். அன்றிலிருந்து எங்கள் கம்பெனியில் ஒரு குழாய்கூட உடைந்ததில்லை. சில மாதத்துக்கு ஒருமுறை புதுச் சென்சார் பெட்டி மட்டும் வந்து இறங்குகிறது.

போன முறை ஆனைக்கரைக்குப் போனபோது கூண்டுக்கு முன் முட்டிபோட்டு இதைச் சாமியாரிடம் சொன்னேன். "சம்பந்தப்பட்டவங்ககிட்டப் போய்ச் சொல்லு" என்றார் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. எனக்கு நிம்மதி. சம்பந்தப்பட்டவர்களிலேயே திட்டாத ஆள் யார் என்று தேடி, அவளுக்கே போன் போட்டேன்.

கோயமுத்தூர்ப் பக்கம் வேறொரு உலையில் இருக்கிறாள். மறுபடி கான்ட்ராக்ட். "இங்க செவுத்துல ஆணி அடிக்க உட மாட்டீங்கறாங்க ஏலக்காண்ணா. நோட்டுல எழுதி வச்சுக்கறேன்." என் வீட்டில் எல்லாரையும் விசாரித்தாள். நான் கையெடுத்துக் கும்பிடாத குறையாக எல்லாவற்றையும் சொல்லிமுடித்தேன். "பன்னெண்டு நிமிஷத்துல தள்ளிட்டேன் தாயி. மிச்சம் பன்னெண்டு இன்ச்சையும்."

"பன்னெண்டா? சார்ட்டுல பதினொண்ணுதானுங்ணா."

"பதினொண்ணு."



"எனக்குத்தான் தெரியுமேங்ணா. எங்கிட்டச் சொல்லி என்ன பண்றது? தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. மீட்டரைத் தகடு போட்டுச் சரிபார்த்துச் சொல்கிற அதே குரல்.

பெயின்ட்காரன் ஏழு ஆணியைப் பிடுங்கிவிட்டு எட்டாவதை மட்டும் மறந்துவிட்டான். பச்சைச் சுவரில் பச்சையாகவே துருத்திக்கொண்டிருக்கிறது. மேஜைக்குக் கீழே கிடந்த பெட்டியை நான்தான் லாக்கரில் வைத்திருக்கிறேன், அந்தச் சார்ட்டும் அதில்தான் இருக்கிறது. போன வாரம் அந்தக் குழாயோடு இருந்த வெறும் அட்டையை எடுத்து நிரப்பினேன். உலை: மூன்று. இன்ச்சு: ஒன்பது முதல் இருபது வரை. நடந்தது: பதினோரு நிமிஷம், அப்புறம் திருத்த எண், அப்புறம் ஒரு ஜோக். இன்னும் கடைசி வரி பாக்கி. பேனாதான் தகராறோ என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தேன். நன்றாகவே எழுதுகிறது.